ஓய்ந்த எழுதுகோல்

எழுதுகோலைக் கீழே வைத்தவன் அதை மீண்டும் எடுக்கத்தான் வேண்டுமா? எழுச்சி பிறந்தால் எழுதுவேன் என்று காத்திருப்பது தகுமா, அல்லது எழுதத் தொடங்கினால்தான் எழுச்சி பிறக்குமா? படிப்பகத்திலே, மன்றத்திலே, தோழர்கள் கூடும் இடத்திலெல்லாம் இக்கேள்வி எழுகிறது. கேட்பவர் பெரும்பாலும் இளைஞர். கையெழுத்து ஏட்டிலே கவிதை தீட்டியவர். பின்னர் பிழைப்பு, குடும்பம், பொதுப்பணி என்று ஆண்டுகள் உருண்டோடிவிட்டவர்.

விடை தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள கீழக்கரைக்கு வாருங்கள். செத்தும் கொடுத்தான் என்று நாடு புகழும் சீதக்காதியின் ஊர் அது. எட்டயபுரத்து அவைப் புலவர் உமறு, நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகப் பாட முற்பட்டது அவ்வள்ளலின் தூண்டுதலால். பணி முடியுமுன் வள்ளல் மறைந்தார், பாட்டும் நின்றது. பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் துணை நின்றார். புலவர் மீண்டும் பாடினார். சீறாப்புராணம் பிறந்த வரலாற்றைச் சொல்வோர் இவ்வாறுதான் சொல்லி வருகின்றனர். இன்று நம் கையிலிருப்பவை மூன்று காண்டங்கள், 5027 பாடல்கள்.

எண்ணிப் பாருங்கள். ஒரு வள்ளல் மறைந்தார், மற்றொருவர் வந்தார். இடைப்பட்ட நாளில் புலவரின் புலமை எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை. அவரிடமேதான் இருந்தது. இல்லாமற் போனவை சோறும், ஓய்வும், கேட்கும் செவியும். அவை திரும்பின, பாட்டும் திரும்பியது. காளமேகத்தின் வாயிலே அம்மை தாம்பூலம் உமிழ்ந்தாள், அன்றே கவிமடை திறந்தது என்று கதை கட்டினார்களே, அவர்கள் நமக்குச் செய்த தீங்கு சிறிதன்று. எழுதாதவனுக்கு அதைவிட வசதியான சாக்கு வேறென்ன வேண்டும்? அருள் இன்னும் வரவில்லை என்று திண்ணையிலே சாய்ந்துகொள்ளலாம் அல்லவா!

வள்ளல் இறந்ததால் நின்ற எழுத்து உண்டு. வாய் அடைக்கப்பட்டதால் நின்ற எழுத்தும் உண்டு. 2015 சனவரியில் பெருமாள்முருகன், தம்முள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். மாதொருபாகன் புதினத்தை எதிர்த்தவர்கள் தந்த நெருக்கடி அது. 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. அவர் திரும்பி வந்தபோது வெறுங்கையோடு வரவில்லை. அமைதி காத்த காலத்தில் எழுதிய கவிதைகளைக் கோழையின் பாடல்கள் என்று பெயரிட்டுக் கொண்டுவந்தார். நீதிமன்றம் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் கதவு மூடியிருந்தபோதே உள்ளே கை இயங்கிக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, நம்மை யார் அடைத்தார்கள்? எந்தக் கூட்டம் நம் வாயிலில் நின்று மிரட்டியது? தோழர்களே, உண்மையைப் பேசுவோம். எழுதாத நாளிலும் நாம் படித்துக்கொண்டிருந்தோம். படிக்கப் படிக்கச் சுவை வளர்ந்தது. எழுதாத கையோ மரத்துப்போயிற்று. ஐந்தாண்டு கழித்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால், வளர்ந்த சுவை மரத்த கையைப் பார்த்து எள்ளி நகைக்கிறது. அந்த வெட்கத்திற்குத்தான் ஊக்கமின்மை என்று நாகரிகமாகப் பெயர் சூட்டியிருக்கிறோம். முதல் பத்துப் பக்கம் மட்டமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அவற்றை எவரும் அச்சேற்றப் போவதில்லை.

பொதுப்பணியால் எழுத முடியவில்லை என்போர்க்கு அமெரிக்கக் கவிஞர் சார்ச் ஆப்பனைக் காட்டலாம். 1934இல் முதல் நூல் வெளியிட்டார். பஞ்சம் நாட்டை வாட்டிய நேரம். வேலையற்றோரைத் திரட்டும் பணிக்குப் போனார், பொதுவுடைமைக் கட்சியிலே சேர்ந்தார், உலகப் போரிலே காயமுற்றார், பின்னர் மெக்சிகோவிலே தஞ்சம் புகுந்தார். 1958இல்தான் மறுபடி கவிதை தொட்டார். 1969இல் புலிட்சர் பரிசு அவரைத் தேடி வந்தது. கட்சிக்குக் கவிதை எழுதித் தந்து கடமை முடிந்ததென்று கணக்குக் காட்டவில்லை அவர். வேலை செய்ய வேண்டிய நேரத்தில் வேலை செய்தார். இதில் எனக்கு அவர்மீது பெருமதிப்பு. ஆயினும் இவரைக் காட்டி இன்னும் இருபதாண்டு தவணை கேட்பவரிடம் எனக்கு ஐயம் உண்டு. இடைவெளி எல்லோரையும் பழுக்க வைப்பதில்லை, பலரை உலர்த்திவிடுகிறது.

எழுதியே ஆகவேண்டும் என்பது அறமா? பொதுவாகப் பார்த்தால், இல்லை. எழுதப்படாத கவிதையால் எவர் வயிறும் காய்வதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பாம்பனிலே, மண்டபத்திலே, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை படித்து, எழுதத் தொடங்கி, நிறுத்திவிட்டால்? அந்த நீரின் உறைப்பை, பாறை கிழித்த விரலின் எரிச்சலை அவ்வீட்டுப் பிள்ளை அறிந்தவாறு வேறு யார் அறிவார்? 1964 திசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியதை வெளியூரார் எத்தனையோ பேர் எழுதினர். கரையிலே பிறந்தவன் எழுதினால் அது வேறொன்றாக இருக்கும். அவனுடைய ஓய்வு அவனுடைய சொந்த விவகாரம் மட்டுமன்று.

அந்தப் பிள்ளைக்கு ஓய்வைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை, 61 நாள், இராமேசுவரத்து விசைப்படகுகளுக்குக் கடலிலே தடை. 2017க்கு முன் 45 நாளாக இருந்தது. அந்நாளில் படகைக் கரையேற்றுகிறார்கள், பலகை இடுக்கைப் பஞ்சால் அடைக்கிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள், வலையைப் பிரித்துக் கிழிசலைத் தைக்கிறார்கள். தடை நீங்கியதும் ஐஸ் ஏற்றிப் புறப்படுகிறார்கள். மீன் இருக்குமா என்று தெரிந்துகொண்டா புறப்படுகிறார்கள்?

உமறுப் புலவரும் தொடங்கியதை முடித்தாரில்லை. மீண்டும் பாடியும் நாயகத்தின் வரலாறு முழுவதையும் அவர் எட்டவில்லை. விடுபட்ட பகுதியைப் பின்னர் பனீ அகமது மரைக்காயர் பாடினார். சின்னச் சீறா என்பது அந்நூலின் பெயர்.