பகலில் எடுக்க வேண்டிய முடிவு

நோர்வேயில் ஒரு மனிதருக்கு வருத்தம் வந்தால் அவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய காசுக்கு ஓர் உச்ச எல்லை இருக்கிறது. 2024இல் அது 3,165 குரோனர். ஒரு வருடத்தில் அந்தத் தொகையைக் கட்டி முடித்தவர், மிச்ச மாதங்களுக்குக் குடும்ப வைத்தியரிடமும் அவசர வைத்திய நிலையத்திலும் பங்குப்பணம் கட்டத் தேவையில்லை. அதே வீட்டில் வளரும் நாய்க்கு நள்ளிரவில் வயிறு முறுக்கிக்கொண்டால், பரிசோதனைகள் முடிவதற்குள்ளேயே செலவு அந்தத் தொகையைத் தாண்டிவிடலாம். சத்திரசிகிச்சை என்றால் செலவு பல பத்தாயிரம் குரோனருக்குப் போகும். மனித வைத்தியத்துக்கு இல்லாத 25 வீதப் பெறுமதி சேர் வரியும் அந்தப் பற்றுச்சீட்டில் இருக்கும்.

ஒஸ்லோவில் ஃபுரூசெத், ஸ்தோவ்னர் பக்கத்து அடுக்குமாடிகளில் எங்கள் பிள்ளைகள் நாயும் பூனையும் வளர்க்கத் தொடங்கிய பிறகு, இந்தக் கணக்கு தமிழ் வீடுகளுக்கும் வந்துவிட்டது. "ஒரு நாய்க்கு இவ்வளவு காசா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். "காசைப் பார்த்தா வளர்க்கிறது?" என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஒரு வாயில்லாச் சீவனுக்காக எவ்வளவு வரை போகலாம், எந்த இடத்தில் நிற்கலாம் என்பதை நாங்கள் இன்னும் பேசித் தெளியவில்லை.

இரவு வைத்தியம் ஏன் இவ்வளவு விலை என்பதை முதலில் பார்க்க வேண்டும். நள்ளிரவில் கதவைத் தட்டும்போது உள்ளே ஒரு வைத்தியரும் உதவியாளரும் விழித்திருக்க வேண்டும். இரத்தம் பார்க்கும் இயந்திரம், எக்ஸ்ரே, ஸ்கான், மயக்க மருந்து எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அன்றிரவு எந்த நாயும் வராவிட்டாலும் அந்தச் சம்பளமும் வாடகையும் கட்டித்தான் ஆக வேண்டும். வருகிற சிலரிடமிருந்தே முழு இரவின் செலவும் அறவிடப்படுகிறது.

வேலை நேரத்துக்கு வெளியே மிருக வைத்தியம் கிடைப்பதை உறுதிசெய்யும் பொறுப்பு 2008 முதல் நோர்வேயின் நகரசபைகளுக்கும் கிராமசபைகளுக்கும் உரியது. வைத்தியர் காத்திருப்பதற்காக அரசும் பணம் கொடுக்கிறது. பண்ணை மாடு கன்று ஈனமுடியாமல் தவிக்கும் கிராமத்துக்கு அது பெரிய ஆறுதல். ஒஸ்லோவில், நாய்க்கும் பூனைக்கும் இரவில் நாங்கள் ஓடிப்போகும் இடங்கள் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகள். அவற்றில் பல, பெரும் நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. அனிகூரா என்ற சங்கிலி 2018இல் சாக்லேட்டுக்குப் பெயர்போன மார்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. இப்படி நிறுவனங்கள் மிருக வைத்தியசாலைகளை வாங்கிக் குவிப்பதால் விலை ஏறுகிறதா என்று பிரித்தானியப் போட்டி ஆணையம் 2024இல் முறையான விசாரணையையே தொடங்கியது. சந்தையைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் விடிய விடிய விழித்திருந்து வேலை செய்கிற வைத்தியரில் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

அவர்கள் விழித்திருப்பதன் பெறுமதி 2019 செப்டெம்பரில் தெரிந்தது. ஒஸ்லோவிலும் சுற்றுவட்டாரத்திலும் நல்ல ஆரோக்கியமான நாய்கள் திடீரென்று இரத்தமாகக் கழியத் தொடங்கின. சில நாட்களுக்குள் பல இறந்துபோயின. வைத்தியசாலைகளிலிருந்து வந்த தகவல்களை வைத்துத்தான் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை நாடு முழுவதையும் எச்சரித்தது. நாய்களைக் கயிற்றில் வைத்திருங்கள், மற்ற நாய்களோடு சேரவிடாதீர்கள் என்று சொன்னது. நோயுற்ற பல நாய்களில் ப்ரொவிடென்சியா அல்கலிஃபசியென்ஸ் என்ற பக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. இரவுக் கதவுகள் மூடியிருந்தால் அந்த எச்சரிக்கை எவ்வளவு பிந்தியிருக்கும்! அந்தக் கதவு திறந்திருப்பது நாய் வைத்திருப்பவரின் தனிப்பட்ட நலன் மட்டுமல்ல, ஊரின் நலனும்தான்.

காசு என்ற சுவரில் ஒரு பிள்ளை முட்டி நிற்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நண்பர் ஒருவரின் மகள், பல்கலைக்கழகத்தில் படிப்பவள், ஓரிரவு தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, எழும்புதில்லை. தண்ணி மட்டும் குடிச்சுக் குடிச்சுச் சத்தியெடுக்குது." அவளையும் நாயையும் ஏற்றிக்கொண்டு போனேன். கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கிறது என்றார் வைத்தியர். நோர்வேயில் இது அபூர்வமான வருத்தமல்ல. மருத்துவக் காரணமில்லாமல் நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வதை இங்குள்ள சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதனால் பெண்நாய்கள் பெரும்பாலும் கர்ப்பப்பையோடுதான் முதுமையடைகின்றன. கருத்தடை செய்யாத பெண்நாய்களில் நாலைந்தில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வருகிறது என்று ஸ்வீடனின் காப்புறுதிப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வுகள் சொல்கின்றன.

வைத்தியர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு வரியிலும் இரண்டு தொகைகள்: குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு. அடியில் கையொப்பத்துக்கு இடம். இன்னொரு வழியையும் அவர் மறைக்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: வேதனையில்லாமல் கண்மூட வைக்கலாம். பிள்ளை பேனையைப் பிடித்தபடி தாயை அழைத்தாள். "அம்மா, என்ன செய்ய?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "போடு பிள்ளை, பார்த்துக்கொள்ளுவம்" என்றார். நாய் பிழைத்தது. அந்தக் கடனை அந்தக் குடும்பம் வெகுகாலம் கட்டியது. தாய் மறுத்திருந்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. துப்புரவு வேலையில் இரண்டு நேரமும் உழைக்கும் ஒரு பெண், விடிந்தால் வாடகை கட்ட வேண்டிய ஒரு பெண், ஐந்து நிமிடத்தில் அப்படியொரு தீர்ப்பை எழுத வேண்டியிருந்ததுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

ஊரில் எங்களுக்கு நாய்மேல் பாசமில்லை என்று இங்கே பிறந்த பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து நடந்தபோது, வீட்டுக்கு வீடு நடந்ததை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார்கள். வாளிகளில் தண்ணீர் நிறைத்து முற்றத்தில் வைத்துவிட்டுப் படலையைச் சாத்தினார்கள். அதற்குமேல் அவர்களால் செய்ய ஏதுமிருக்கவில்லை. இயன்றதையெல்லாம் செய்துவிட்டுத்தான் போனார்கள்.

நோர்வேயின் மிருக நலச் சட்டமும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. 2010இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், மனிதருக்கு உள்ள பயனைக் கணக்கில் எடுக்காமலே மிருகத்துக்குத் தன்னளவில் மதிப்பு உண்டு என்கிறது. நோயில், காயத்தில் கிடக்கும் மிருகத்தைக் காண்கிற எவரும் இயன்றவரை உதவ வேண்டும் என்கிறது. கடன்பட்டு எல்லாச் சிகிச்சையும் செய்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. வேதனையில் கிடக்க விடக்கூடாது என்பதுதான் கடமை. அதனால் வைத்தியரின் கையால் வரும் அமைதியான மரணத்தைக் கைவிடுதல் என்று நான் சொல்லமாட்டேன். விடியட்டும் பார்ப்போம் என்று வயிறு வீங்கிய நாயைக் குளியலறையில் படுக்க வைப்பதுதான் கைவிடுதல்.

எது இயலும் என்பதை நள்ளிரவில் தீர்மானிக்க முடியாது. அதைப் பகலில், வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னரே, எல்லோருமாக இருந்து பேச வேண்டும். எந்த இனத்தை எடுக்கிறோம் என்பதிலேயே பாதி வைத்தியச் செலவு ஒளிந்திருக்கிறது. கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் இனத்தை அதன் பரம்பரை நோய்களோடு பெருக்குவது சட்டத்துக்கு முரண் என்று நோர்வே உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்ததை எத்தனை பேர் கவனித்தோம்? காப்புறுதி எடுப்பதானால் குட்டியாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஏற்கெனவே வந்த வருத்தத்துக்கு அது பணம் தராது. வருடத்துக்கு உச்சமாக எவ்வளவு தரும், எங்கள் பங்கு எவ்வளவு என்று வாசித்துவிட்டே கையொப்பமிட வேண்டும். காப்புறுதி கட்ட வசதியில்லையென்றால் மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கலாம். எந்த வைத்தியசாலை இரவில் திறந்திருக்கும், உள்ளே போனாலே எவ்வளவு என்று ஒரு நாள் பகலில் கேட்டு வைக்கலாம். எந்த அளவுக்குமேல் போகமாட்டோம் என்பதையும் பிள்ளைகளோடு மனந்திறந்து பேசலாம். கேட்கக் கடினமான பேச்சுத்தான். ஆனால் பொறுப்பு என்பதை அந்தப் பேச்சிலிருந்துதான் பிள்ளை படிக்கும்.

இவ்வளவையும் குடும்பத்தின் தலையில் மட்டும் போட்டுவிட்டு அரசு ஒதுங்கவும் கூடாது. சென்னை வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், சாதாரண மக்களும் தங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கட்டணத்தில் வைத்தியம் நடக்கிறது. நோர்வேயைவிட எவ்வளவோ வசதி குறைந்த அரசு அதைச் செய்கிறது. இங்கோ, ஒஸ்லோ ஆதாம்ஸ்துவனில் இருந்த நோர்வேயின் மிருக வைத்தியப் பீடம் 2021இல் நகரத்துக்கு வெளியே ஓஸ் என்ற இடத்துக்குப் போய்விட்டது. மிருகத்துக்குத் தன்னளவில் மதிப்பு உண்டு என்று சட்டத்தில் எழுதிய நாடு, நகரத்து இரவுக் காவலுக்கும் பொதுப்பணத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். உயிர்காக்கும் சிகிச்சையின் மீதுள்ள வரியையாவது குறைக்க வேண்டும். வாக்குக் கேட்டு எங்கள் மண்டபங்களுக்கு வருகிற அரசியல்வாதிகளிடம் பாடசாலை, வேலை, வீடு என்று கேட்கிறோம். இதையும் சேர்த்துக் கேட்போம். வசதி குறைந்த வீட்டிலும் ஒரு பிள்ளை நாயோடு வளரலாம் என்பது கேட்டுப் பெற வேண்டிய நியாயம்தான்.