கையொப்பம் தேவையில்லை

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் கண்டி நகரிலுள்ள அலுவலகம் ஒன்றின் வரிசையில் இரண்டு மணித்தியாலங்கள் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் அக்குறணைப் பக்கத்து வயோதிபப் பெண்மணி ஒருவர். அவருடைய முறை வந்தபோது யன்னலுக்குப் பின்னாலிருந்த இளைஞர் தலைநிமிராமலே, "சிஸ்டம் எக டவுன்" என்றார். பிறகு, "சிஸ்டம் இல்ல, நாளைக்கு வாங்க" என்று தமிழிலும் சொன்னார். பெண்மணி என் பக்கம் திரும்பி, "அவரு நாளைக்கு வருவாரா மகன்?" என்று கேட்டார். சிஸ்டம் என்பது ஓர் உத்தியோகத்தரின் பெயர் என்று அவர் எண்ணியிருக்கிறார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஊர் திரும்பும்போதுதான் அவருடைய கேள்வி உறுத்தத் தொடங்கியது. தம்முடைய வேலை நடக்கவில்லை என்றால் அதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். எழுத்தறிவு பெற்ற நாமோ அந்த எண்ணத்தை எப்போதோ கைவிட்டுவிட்டோம்.

கணினியோடு மல்லுக்கட்டாத நாள் நமக்கு இல்லை. அச்சுப்பொறி தாளை விழுங்கும். கடவுச்சொல் சரியாக இருந்தும் பிழை என்று வரும். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் திரை உறைந்து, நிரப்பிய யாவும் மறைந்துபோகும். இவற்றுக்கெல்லாம் நாம் சொல்லும் ஒரே காரணம் 'கம்பியூட்டர் பிழை' என்பதாகும். பிழை செய்யும் தகுதி இயந்திரத்துக்கு உண்டா? நிய்யத் இல்லாத ஒன்றின் மீது பழியைச் சுமத்துவது நீதியா? என் கேள்வி இதுதான்.

இச்சஞ்சிகையின் வாசகர்கள் அனைவரும் அனுபவித்திருக்கக்கூடிய ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன். பாமினி எழுத்துருவில் இரவிரவாகத் தட்டச்சுச் செய்த கதையை நண்பருக்கு அனுப்புவோம். அவருடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே திரையில் நிற்கும். கணினி தமிழைக் கெடுத்துவிட்டது என்று நொந்துகொள்வோம். உண்மையில் அது எதையும் கெடுக்கவில்லை. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைச் செருகி, ஆளுக்கொரு முறையில் எழுத்துரு செய்தவர்கள் மனிதர்கள். யுனிகோட் முறையில் தமிழுக்கு 1991 லேயே இடம் கிடைத்தது. இலங்கையில் தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரநிர்ணயம் 2008 இல் வந்தது. அதன் பின்னரும் பழைய எழுத்துருவை விடமாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தவர்களும் மனிதர்களே. அவர்களில் நானும் ஒருவன்.

பழைய பதிவேடுகளில் பிழைக்கு ஒரு முகம் இருந்தது. வரவு இடாப்பில் ஓர் எண் பிழைத்திருந்தால், அது எந்த ஆசிரியரின் கையெழுத்து என்று பார்த்தவுடனே தெரியும். வெட்டித் திருத்திய இடத்தில் சிறு கையொப்பம் இருக்கும். இன்று வரும் பற்றுச்சீட்டுகளின் அடியிலோ, 'இது கணினியால் ஆக்கப்பட்ட ஆவணம், கையொப்பம் தேவையில்லை' என்றிருக்கிறது. வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுதான். ஆயினும் கையொப்பத்தோடு சேர்ந்து பொறுப்பாளியும் மறைந்துபோகின்றார்.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை மறந்திருக்கமாட்டோம். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். உலகமே சிரித்தது. குரங்கு மோதியது மெய்யாகவே இருக்கட்டும். ஒரு குரங்கினால் முழு நாட்டு மின்சாரமும் நின்றுபோகுமளவுக்கு வலையமைப்பை வைத்திருந்தவர் குரங்கல்லவே!

அதற்கு முன்னர், 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணினிக் கட்டமைப்பு பணயத் தாக்குதலுக்குள்ளானது. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்கமுடியாதவாறு அழிந்தன. பாதிக்கப்பட்ட முகவரிகள் ஏறத்தாழ ஐயாயிரம். தாக்கியவர் யாரோ ஒரு கள்வர். ஆனால் 2013 ஆம் ஆண்டின் பழைய மென்பொருளையே வைத்துக்கொண்டிருந்ததும், அந்த மாதங்களுக்குரிய பிரதியொன்றை வேறாகப் பாதுகாக்காமல் விட்டதும் கள்வரின் செயலா? பூட்டாத வீட்டில் திருட்டுப் போனால் கள்வனும் குற்றவாளி, அமானிதத்தைப் பேணாத காவல்காரனும் குற்றவாளி.

கணினி பொய் சொல்லாது என்ற நம்பிக்கை இதைவிடக் கொடியது. பிரித்தானிய அஞ்சல் நிறுவனம் 1999 முதல் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் புகுத்தியது. கணக்கில் பணம் குறைவதாகத் திரை காட்டியது. கிளைகளை நடத்திய உப தபாலதிபர்கள் தாம் எடுக்கவில்லை என்று மன்றாடினார்கள். திரையை நம்பினார்கள், மனிதரை நம்பவில்லை. 2015 வரையில் 900 இற்கும் மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. பலர் சிறை சென்றனர். சொத்தை விற்றுக் கட்டியவர்களும் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. மென்பொருளில் வழுக்கள் இருந்தன என்று இலண்டன் உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. 2024 இல் தனிச்சட்டம் இயற்றியே தண்டனைகளை நீக்கவேண்டியிருந்தது. ஓர் இடத்தில் கணினியின் மேல் பழிபோட்டு மனிதர் தப்பித்துக்கொள்கிறார். இன்னோர் இடத்தில் கணினியைக் காட்டி மனிதர் மேல் பழி போடப்படுகின்றது. இரண்டிலும் பதில் சொல்லவேண்டியவரைக் காணவில்லை.

யன்னலுக்குப் பின்னாலிருந்த அந்த இளைஞர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டமைப்பு செயலிழந்தது அவருடைய குற்றமன்று. ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. ஒரு தாளில் பெண்மணியின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, சரியானதும் அறிவிக்கிறேன் என்று சொல்ல அவருக்கு மின்சாரமும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம்.

அவரைக் குறைகூற எனக்கு அருகதை இல்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் சாதாரண தரப் பரீட்சைக்கான விண்ணப்ப விபரங்களை எமது பாடசாலையில் நானே கணினியில் பதிந்தேன். ஒரு மாணவியின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்தை விட்டுவிட்டேன். பெறுபேற்றுச் சான்றிதழ் பிறப்புச் சான்றிதழோடு பொருந்தவில்லை. தாயும் மகளும் என்னிடம் வந்தபோது, "கம்பியூட்டர்ல வந்த பிழை" என்றேன். வாய் கூசவில்லை. "கம்பியூட்டர் செஞ்சா நாங்க என்ன சேர் செய்ற?" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். சத்தியக் கடதாசிக்கும் பஸ்ஸுக்குமாக எத்தனை நாட்கூலியை அந்தத் தாய் இழந்தாரோ, நான் கேட்கவில்லை. கணினியோ நான் தட்டியதைத் தட்டியபடியே பதிந்திருந்தது.

அலுவலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட வாரத்தில் அந்தத் தாயைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை. "அன்டைக்கே சொல்லியிருந்தா நீங்களும் எங்களோட வந்திருப்பீங்களே சேர்" என்றார், அவ்வளவுதான்.

பிழையை ஏற்பது தலைகுனிவு என்றே அதுவரை நினைத்திருந்தேன். பிழையை ஏற்றவர் அதைத் திருத்தும் வழியிலும் கூடவே நடக்கவேண்டும் என்பதை அந்தத் தாயிடமே கற்றேன். இயந்திரம் எவரோடும் கூட நடக்காது.

இப்போது பாடசாலையில் நான் அச்சிடும் ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் பேனையால் என் பெயரை எழுதி ஒப்பமிடுகிறேன். அவசியமில்லை சேர் என்கிறார்கள் இளம் ஆசிரியர்கள். பிழை கண்டால் யாரிடம் வரவேண்டும் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்கட்டும்.