வழி கேட்கிறவன்

நம்மைத் தேடி வருகிறவர்களை நாம் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவன் விருந்தாளி. வீதியோடு போகிறவன் வழிப்போக்கன். விருந்தாளிக்கு இலை போட வேண்டும். பாய் விரிக்க வேண்டும். புறப்படுகிறேன் என்று அவன் சொன்னால், இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்று உபசாரத்துக்காவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வழிப்போக்கனுக்கு இதெல்லாம் தேவையில்லை. ஒரு வாய்த் தண்ணீர், இந்தப் பாதை எங்கே போகிறது என்ற கேள்விக்கு ஒரு பதில், அவ்வளவுதான். உலகத்தில் மிகச் சிறிய உதவியைக் கேட்கிறவன் அவன். அப்படியிருக்க, அரசாங்கங்களிடமிருந்து பெறுவதற்கு மிகவும் கடினமான அநுமதிகளில் ஒன்று, வெறுமே கடந்து போவதற்கான அநுமதியாக இருக்கிறதே, ஏன்?

ஒரு தேசத்தின் ஒரு எல்லையில் நுழைந்து, அங்கே தங்காமல் மறு எல்லையில் வெளியேறுவதற்குக் கொடுக்கும் அநுமதிச் சீட்டை ‘டிரான்ஸிட் விசா’ என்கிறார்கள். வழிவிசா என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். ஆகாய விமானத்தில் போகிறவனுக்கு இதன் அருமை அவ்வளவாகத் தெரியாது. மேகத்துக்கு மேலே பறக்கிறவனுக்குக் கீழே எத்தனை வேலிகள் இருந்தால் என்ன? தரையோடு போகிறவனுக்குத்தான் தெரியும், இந்தப் பூமி ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் வைத்துக் கட்டிய ஒரு நீண்ட வீடு என்பது.

ஈரானிலிருந்து தரை மார்க்கமாகப் புகாராவுக்கும் சமர்கந்துக்கும் போக ஆசைப்படும் ஒரு பிரயாணியை எண்ணிக் கொள்ளுங்கள். அந்த நகரங்கள் இருப்பது உஸ்பெகிஸ்தானில். நடுவே கிடக்கிறது துர்க்மெனிஸ்தான். 1991-ல் சோவியத் யூனியனிலிருந்து பிரிந்து தனி நாடான தேசம் அது. பெரும் பகுதி கராகூம் என்ற பாலைவனம். அது என்றும் நடுநிலை வகிக்கும் நாடு என்பதை 1995-ல் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை அங்கீகரித்தது. யாரோடும் சண்டையில்லை, ஆனால் யாரையும் சுலபமாக உள்ளே விடுவதும் இல்லை.

தொற்றுநோயை முன்னிட்டு 2020-ல் எல்லைகள் மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில், அந்த வழியே போன சைக்கிள் பிரயாணிகள் பட்ட பாடு பிரசித்தம். சுற்றுலா விசா வேண்டுமென்றால் கூடவே ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்து கொள்ள வேண்டும், செலவு அதிகம். ஆகவே பெரும்பாலோர் டெஹ்ரானிலோ மஷ்ஹதிலோ வழிவிசாவுக்கு மனுப் போட்டார்கள். அடுத்த தேசமான உஸ்பெகிஸ்தான் உன்னை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்பது முதல் கேள்வி. எந்தச் சாவடியில் நுழைவாய், எந்தச் சாவடியில் வெளியேறுவாய், எந்தத் தேதியில் என்பன அடுத்த கேள்விகள். சரக்ஸில் நுழைந்து ஃபராப்பில் வெளியேறுவதாக எழுதிக் கொடுத்தால் அப்படியேதான் செய்ய வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஐந்து நாள். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் பாலைவனப் பாதையை அதற்குள் சைக்கிளில் மிதித்துக் கடக்க வேண்டும். காற்று எதிரே அடித்தால் அது காற்றின் குற்றம், தேதி மாறாது. காஸ்பியன் கடலைக் கப்பலில் தாண்டி வந்தவர்களின் நிலை இன்னும் பரிதாபம். துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நங்கூரமிட்டுக் காத்துக்கிடக்க, கரையில் கால் வைக்கும் முன்பே விசா நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து போகும்.

இவ்வளவுக்கும் பிறகு மனு மறுக்கப்படலாம். மறுப்புக்குக் காரணம் சொல்வதில்லை. ஒரே விதமான காகிதங்களைக் கொடுத்த இருவரில் ஒருவருக்குக் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. லாட்டரிச் சீட்டைப் போல.

இதைக் கேட்டவுடன் நமக்குக் கோபம் வருகிறது. ‘வழிதானே கேட்கிறான், மண்ணையா அள்ளிக்கொண்டு போகப் போகிறான்?’ என்று தோன்றுகிறது. கோபப்படுவதற்கு முன்னால் கதவுக்கு உள்ளே இருப்பவனின் பேச்சையும் கேட்டுவிட வேண்டும். அவனுக்கு ஒரு பயம் இருக்கிறது. இன்று வழி கேட்டவன் நாளைக்குத் திண்ணையில் உட்காருவான், மறுநாள் கூடத்துக்கு வருவான் என்ற பயம். அந்தப் பயம் எப்போதும் வீண் என்று சொல்ல முடியாது. 1914 ஆகஸ்டு 2-ந் தேதி ஜெர்மனி பெல்ஜியத்திடம் வழிதான் கேட்டது. எங்கள் படை உங்கள் நாட்டின் வழியாகப் போக விடுங்கள், உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது என்றது. பெல்ஜியம் மறுத்தது. இரண்டாம் நாள் படை எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த மறுப்பைத் தவறு என்று எந்த நியாயஸ்தன் சொல்வான்?

வழி கேட்பதும் மறுப்பதும் புதிய விஷயங்களும் அல்ல. யூதர்களின் வேதத்தில், கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்லும் நூலில், ஒரு நிகழ்ச்சி வருகிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தம் மக்களை அழைத்துக்கொண்டு வரும் மோசே, ஏதோம் நாட்டு ராஜாவிடம் தூதர்களை அனுப்புகிறார். உங்கள் வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் கால் வைக்க மாட்டோம். ராஜபாட்டையோடு நேரே போவோம். வலப் பக்கமோ இடப் பக்கமோ திரும்ப மாட்டோம். எங்கள் ஆடுமாடுகள் தண்ணீர் குடித்தால் அதற்கு விலை கொடுத்துவிடுகிறோம் என்பது விண்ணப்பம். துர்க்மெனிஸ்தானத்து மனுவில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இதில் பதில் இருக்கிறது, பாருங்கள்! நிர்ணயித்த பாதை, விலகாத நடை, செலவுக்குப் பணம், எல்லாமே இருக்கின்றன. ஆனாலும் ராஜா மறுத்தான். வாளோடு எல்லையில் வந்து நின்றான். அந்த ஜனங்கள் திரும்பிச் சுற்று வழியில் போனார்கள்.

ராஜா செய்தது சரியா? இந்தக் கேள்வியை டச்சுக்காரரான க்ரோஷியஸ் என்ற சட்ட அறிஞர், 1625-ல் வெளியான யுத்தத்தையும் சமாதானத்தையும் பற்றிய தம் பெரிய நூலில் எடுத்துக்கொள்கிறார். நியாயமான காரணத்துக்காகக் கடந்து போக வேண்டியவனுக்கு நிலத்திலும் நதியிலும் வழி விட்டே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. வருகிறவர்கள் கூட்டமாக வருகிறார்களே என்ற பயம் உனக்கு இருக்கலாம். உன் பயம் அவனுடைய உரிமையை அழித்துவிடாது என்கிறார். பயமிருந்தால் சிறு சிறு கூட்டமாகப் போகச் சொல்லலாம், ஆயுதங்களைக் கழற்றி வைக்கச் சொல்லலாம். வழியையே அடைக்கக் கூடாது.

இது உயர்ந்த பேச்சுத்தான். ஆனால் பெல்ஜியத்தை நினைத்தால் நமக்குச் சற்றுத் தயக்கம் ஏற்படுகிறது. அந்தத் தயக்கத்தைத் தீர்த்து வைப்பவர் ஜெர்மன் தத்துவஞானி காண்ட். கோனிக்ஸ்பர்க் என்ற ஊரில் பிறந்து, அந்தப் பக்கத்தை விட்டு வெகு தூரம் எங்கும் போகாமல் அங்கேயே மறைந்தவர். பிரயாணமே செய்யாத அந்த மனிதர்தான் பிரயாணியின் உரிமையைப் பற்றி மிகத் தெளிவாக எழுதினார். 1795-ல் நிரந்தர சமாதானத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் சொல்லும் கருத்து இது: அந்நியன் ஒருவன் விருந்தாளியாக இருக்கும் உரிமையைக் கோர முடியாது, ஆனால் வந்து போகும் உரிமை எவனுக்கும் உண்டு. ஏனென்றால் பூமி உருண்டை. அதன் மேல்பரப்புக்கு ஒரு முடிவு இருக்கிறது. மனிதர்கள் ஒருவரை விட்டு ஒருவர் விலகி எல்லையில்லாமல் சிதறிப் போக முடியாது. அதனால் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டுதான் ஆக வேண்டும். அப்புறம் மறுப்பதைப் பற்றி ஒரு நிபந்தனை வைக்கிறார். வந்தவனைத் திருப்பி அனுப்பலாம். அப்படி அனுப்புவதால் அவனுக்கு நாசம் நேராது என்றால்.

என் எண்ணத்தில் இந்த விவகாரம் முழுவதற்கும் திறவுகோல் அந்த நிபந்தனைதான். ‘இவனை உள்ளே விட்டால் எனக்கு என்ன ஆகும்?’ என்று மட்டுமே கதவுக்காரன் கேட்டுக்கொண்டிருக்கிறான். ‘விடாவிட்டால் இவனுக்கு என்ன ஆகும்?’ என்றும் கேள் என்கிறார் காண்ட்.

கேட்டுப் பார்ப்போம். மஷ்ஹதில் விசா மறுக்கப்பட்ட சைக்கிள் பிரயாணிக்கு என்ன ஆகும்? மனம் நோகும், பணம் செலவாகும், விமானத்தில் ஏறிப் பாலைவனத்தைத் தாண்டிப் போவான். அல்லது சமர்கந்தைப் பார்க்காமல் வீடு திரும்புவான். சமர்கந்தைப் பார்க்காமல் வாழ்ந்து மறைந்தவர்கள் எத்தனையோ கோடி. காரணம் சொல்லாமல் மறுப்பது மரியாதையில்லை என்று அவன் குறைப்படலாம். அதற்குமேல் அதை அநியாயம் என்று பெரிதாக்க வேண்டாம். பெல்ஜியத்தின் வாசலில் நின்ற படைக்கு என்ன ஆகியிருக்கும்? தன் பாசறைக்குத் திரும்பியிருக்கும். யாருக்கும் நாசம் இல்லை. திரும்பியிருந்தால் லட்சக்கணக்கான உயிர்கள் மிஞ்சியிருக்கும்.

இதே கேள்வியை வேறோர் இடத்தில் கேட்டால் வேறு பதில் வருகிறது. காண்ட் வாழ்ந்த கோனிக்ஸ்பர்க்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஊர், லிதுவேனியாவில் உள்ள கௌனாஸ். 1939 செப்டம்பரில் போலந்து வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கான யூதர்கள் லிதுவேனியாவுக்கு ஓடி வந்தார்கள். 1940 ஜூன் மாதம் சோவியத் படை அங்கேயும் நுழைந்தது. மேற்கே ஹிட்லர். தப்புவதற்கு ஒரே வழி கிழக்கே: மாஸ்கோ, அங்கிருந்து சைபீரியா ரயிலில் விளாடிவாஸ்டாக், பிறகு கப்பலில் ஜப்பான். அதற்கு ஜப்பானின் வழிவிசா வேண்டும். வழிவிசாவுக்கு, அப்புறம் எங்கே போகிறாய் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். போக இடம் இல்லாததனால் ஓடுகிறவனிடம், போகும் இடத்தைக் காட்டினால்தான் ஓட விடுவேன் என்கிறது விதி!

அந்த ஊரில் பிலிப்ஸ் கம்பெனியின் நிர்வாகியாக இருந்த யான் ஸ்வார்டென்டைக் என்பவர், டச்சு அரசாங்கத்தின் கான்சல் பொறுப்பையும் அப்போது பார்த்துவந்தார். கரீபியன் கடலில் உள்ள டச்சுத் தீவான குராசோவுக்குள் நுழைய விசா தேவையில்லை என்று அகதிகளின் காகிதங்களில் எழுதிக் கொடுத்தார். அது உண்மைதான். ஆனால் தீவின் கவர்னர் சம்மதித்தால்தான் நுழைய முடியும் என்ற மறுபாதியை அவர் எழுதவில்லை. அந்த அரை வாக்கியம் போக இடம் இல்லாதவர்களுக்கு ஓர் இடத்தை உண்டாக்கிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு ஜனங்கள் ஜப்பானியத் துணைக் கான்சல் சியூனே சுகிஹாராவின் வாசலில் வந்து நின்றார்கள். போய்ச் சேரும் இடத்தின் அநுமதியும் போதுமான பணமும் இல்லாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது டோக்கியோவின் உத்தரவு. சுகிஹாரா கொடுத்தார். கான்சல் அலுவலகத்தை மூடிவிட்டு வெளியேறும்படி சோவியத் அரசு சொல்லியிருந்த அந்தக் கோடையில், சில வாரங்களுக்குள் 2,000-க்கும் மேற்பட்ட வழிவிசாக்களைக் கையால் எழுதித் தள்ளினார். ஒரே விசாவில் குடும்பம் முழுவதும் போனதும் உண்டு.

இனி, கதவுக்காரனின் பயத்தை மறுபடியும் எடுத்துக்கொள்வோம். ‘கடந்து போகிறேன் என்று வருகிறவன் போக மாட்டான்.’ அந்தப் பயம் பலித்ததா? பலித்தது! அவர்கள் குராசோவுக்குப் போகவில்லை. பலர் கோபே நகரத்தில் மாதக்கணக்கில் தங்கினார்கள். சிலருக்கு அமெரிக்காவும் பாலஸ்தீனமும் வேறு தேசங்களும் கதவு திறந்தன. மிஞ்சியவர்களை 1941-ல் ஷாங்காய்க்கு அனுப்பினார்கள். விதி எதற்குப் பயந்ததோ அதுவே நடந்தது. அதனால் ஜப்பானுக்கு நேர்ந்த நஷ்டம் என்ன? ஒன்றும் இல்லை. லிதுவேனியாவிலேயே தங்கியவர்களுக்கு நேர்ந்தது என்ன? 1941 ஜூனில் ஜெர்மன் படை அங்கே நுழைந்தது. யுத்தம் முடிவதற்குள் அந்த நாட்டு யூதர்களில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள்.

‘ஒவ்வோர் உத்தியோகஸ்தரும் தம் மனம் போனபடி விதியை மீறினால் ராஜ்யம் என்ன ஆவது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விதியை மீறுவதே வீரம் என்று நான் சொல்ல வரவில்லை. இரக்கம் பொங்கியவர்களுக்கெல்லாம் முத்திரை குத்தும் அலுவலகம் மறுநாளே லஞ்சம் கொடுத்தவர்களுக்கும் குத்தத் தொடங்கிவிடும். விதி வேண்டும். ஆனால் வழிவிசாவின் விதியில் பிறவியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. அடுத்த வீட்டில் கதவு திறந்திருப்பவனுக்குத்தான் இந்த வீட்டில் கதவு திறக்கும் என்கிறது அது. ஊருக்குத் திரும்ப வழியும் கையில் பணமும் உள்ள உல்லாசப் பிரயாணி அதில் சுலபமாகத் தேறிவிடுவான். எந்தக் கதவும் இல்லாதவன், அதாவது வழி உண்மையிலேயே தேவைப்படுகிறவன், முதல் கட்டத்திலேயே தோற்றுப் போவான். அதிகம் தேவைப்படுகிறவனுக்குக் குறைவாகக் கிடைக்கும்படி அமைந்த விதியை, அதை எழுதியவர்கள் கெட்டவர்களாக இல்லாவிட்டாலும், முழு நியாயம் என்று எப்படிச் சொல்வது?

சுகிஹாரா 1941-ல் அதே கோனிக்ஸ்பர்க்கில் கான்சலாக இருந்தார் என்பது சரித்திரத்தின் ஒரு வேடிக்கை. காண்டின் நூலை அவர் படித்திருந்தாரோ என்னவோ, அது முக்கியமல்ல. யுத்தத்துக்குப் பிறகு 1947-ல் ஜப்பானிய வெளிநாட்டு இலாகாவிலிருந்து அவர் விலக நேர்ந்தது. மரியாதை வெகுகாலம் கழித்து வந்தது. இஸ்ரேல் அவரைக் கௌரவித்தது 1980-களில். 1986-ல் அவர் காலமானார். 1976-லேயே மறைந்துவிட்ட ஸ்வார்டென்டைக்குக்கு அந்தக் கௌரவம் 1997-ல்தான் கிடைத்தது.

அந்த இரண்டு பேரும் புதிய தர்மம் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. மனுத்தாளில் பெயர், வயது, நுழையும் சாவடி, வெளியேறும் சாவடி, போய்ச் சேரும் தேசம் எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. மறுத்தால் இவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. இன்று அச்சாகும் மனுத்தாள்களிலும் அதற்குக் கட்டம் கிடையாது. அச்சடிக்காத அந்தக் கேள்வியை, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மனிதன்தான் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். மேஜை என்றால் கான்சல் அலுவலகத்து மேஜை மட்டும் அல்ல. ஒருவனுக்கு வழி விடவும் மறுக்கவும் கூடிய இடத்தில் நாம் உட்காரும் ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் அப்படி ஒரு மேஜை இருக்கத்தான் செய்கிறது.