இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?

பங்குனி மாதத்தில் திருமழபாடிக்குப் போயிருக்கிறீர்களா? அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. நந்திக்கு அங்கேதான் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் திருவையாற்றிலிருந்து வரும். 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்பார்கள். அது பொதுத்தேர்வு சீஸனும்கூட. அதனால் கல்யாண வேண்டுதலோடு மார்க் வேண்டுதலும் சேர்ந்துகொள்ளும்.

நான் போயிருந்தபோது, கோயில் சுவர் ஓரமாக ஒரு பையன் நின்றிருந்தான். பதினைந்து வயசு இருக்கும். கல்வெட்டில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 'ராஜராஜ சோழன் இந்தக் கருவறையைப் பிரித்துப் புதிதாகக் கட்டச் சொன்னான். அதற்கு முன், சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிவைக்கச் சொன்னான். அவை மறுபடி கல்லில் ஏறியது அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில்.'

பையனுக்குக் கண் விரிந்தது. 'அப்போ, அப்பா ஆரம்பிச்சதை மகன் முடிச்சாரா சார்?'

பதில் சொல்வதற்குள் அவன் அப்பா வந்துவிட்டார். 'இங்க என்னடா பண்றே? இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?' பையன் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டான்.

அந்த அப்பாவை வில்லனாக்கிவிடாதீர்கள். சிமென்ட் லாரி ஓட்டுகிறார். 'இவனாவது வெயில்ல காயாம உக்காரணும் சார்' என்றார். அவருடைய பயம் நிஜம். ஆனால், அந்தப் பயத்தைச் சுமக்க வேண்டியது யார்?

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது கணக்காகத்தான் புரிகிறது. பிள்ளையை நாம் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டுவைக்கிறோம். ப்ளஸ் டூ முடித்ததும் வட்டியும் முதலுமாகக் கையில் வர வேண்டும். அதனால் தினமும் பாஸ்புக்கைப் புரட்டுவதுபோல் ஒரே கேள்வி: 'எவ்வளவு?' 2017-ல் தமிழக அரசே பத்தாவது, ப்ளஸ் டூ ரேங்க் பட்டியல் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. வீட்டில் நாம் நிறுத்தவில்லை.

கேட்டுக் கேட்டு என்ன ஆகிறது? பள்ளிக்கூடம் அப்பாவின் ஆபீஸ் ஆகிவிடுகிறது. பையன் அங்கே சம்பளம் இல்லாத குமாஸ்தா. அப்பா திட்டாமலிருக்கும் அளவுக்கு மட்டும் வேலை செய்வான். கல்வெட்டைத் தொட்ட விரல், அதற்குப் பிறகு எதைத் தொடும்?

'சரி, மார்க்கே கேட்கக் கூடாதா? அவன் இஷ்டம்னு விட்டுடணுமா?' என்கிறீர்கள். அதுவும் தப்பு. எதையுமே கேட்காத அப்பாவைப் பார்த்து, 'நான் படித்தாலும் ஒன்றுதான், படிக்காவிட்டாலும் ஒன்றுதான்' என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். கேளுங்கள். ஆனால், மார்க் இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். 'இன்னிக்கு எது சுவாரஸ்யமா இருந்தது?' என்பது முதல் கேள்வி. பதிலைக் காது கொடுத்துக் கேட்பதுதான் கஷ்டமான வேலை.

உபதேசம் செய்ய எனக்கு யோக்யதை இல்லை. ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகளிடம் நானும் 'டெஸ்ட் எவ்வளவு?' கேஸ்தான். அன்று ஊரிலிருந்து திரும்பியதும் கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு, ராஜராஜன் கல்வெட்டுக் கதையைச் சொன்னேன். குறுக்கே பத்துக் கேள்வி கேட்டாள். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டே சொன்னாள்:

'அப்பா, அக்கவுன்டன்ஸியில நாப்பத்திரண்டுதான். டிப்ரிஷியேஷன் புரியலை. சொல்லித் தரீங்களா?'

இரண்டு வருஷத்தில் அவளாக வந்து கேட்டது அதுதான் முதல் தடவை.