சமூக ஊடக விளம்பரமும் வணிக அறமும்

சமூக ஊடக விளம்பரத்தால் ஒரு தொழிலுக்குக் கிடைக்கும் பயன் மூன்று. குறைந்த செலவில் பலரைச் சென்றடையலாம். வயது, ஊர், விருப்பம் பார்த்து, வாங்கக்கூடியவர் கண்ணில் படும்படி செய்யலாம். ஏற்கெனவே வாங்கியவரின் பாராட்டு அடுத்தவரை அழைத்துவரும். முதல் இரண்டும் வசதிகள். மூன்றாவது மக்கள் வைக்கும் நம்பிக்கையால் வரும் ஆதாயம். ஆகவே அதனோடு ஓர் அறக் கேள்வியும் எழுகிறது: விற்பவர் தமக்குத் தெரிந்ததில் எவ்வளவை வாங்குபவரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்?

கேள்வி பழையது. ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய 'கடமைகள்' நூலில் இதை ஆராய்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னால் வேறு கப்பல்களும் தானியம் ஏற்றி வருவது அவருக்குத் தெரியும். சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்லாமல் இருப்பது மறைப்பதாகாது என்பது தத்துவவாதி பாபிலோனிய டயோஜெனிஸின் வாதம். விற்பவருக்குத் தெரிந்த எதுவும் வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கலாகாது என்பது மற்றொரு தத்துவவாதியான ஆன்டிபேட்டரின் வாதம். வணிகர் மறைத்திருக்கக் கூடாது என்றே சிசரோ முடிக்கிறார்.

13ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இங்கே ஓர் எல்லை வகுத்தார். பொருளில் வெளியே தெரியாத குறை இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். நாளை விலை குறையக்கூடும் என்பதைச் சொல்வது சிறப்பு. சொல்லாவிட்டால் அநீதி ஆகாது.

காசு வாங்கிக்கொண்டு ஒருவர் தம் பக்கத்தில் ஒரு முகக் களிம்பைப் புகழ்வதை இந்த எல்லையில் வைத்துப் பார்க்கலாம். அவர் சொல்லும் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பார்ப்பவர் ஏற்பது அவருடைய சாட்சியத்தை. பெற்ற கூலி அந்தச் சாட்சியத்திலேயே உள்ள மறைகுறை. எனவே அக்வினாஸின் தளர்வான அளவுகோலின்படியும் அதைச் சொல்வது கடமை.

வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளில் நல்லவற்றை மட்டும் விட்டுவைத்து, குறை சொன்னவற்றை நீக்குவதும் இத்தகையதே. இதை ஒரு நபிமொழி விளக்குகிறது. நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது அடியில் ஈரம் இருந்தது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபி, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றார். நனைந்தது குற்றமன்று, நனைந்ததை அடியில் வைத்ததே குற்றம்.

இந்தியச் சட்டமும் இதே திசையில் செல்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. விளம்பரதாரரோடு உள்ள பணத் தொடர்பைப் பரிந்துரைப்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்று 2022இல் வந்த நெறிமுறைகள் கூறுகின்றன.

ஆயினும் சட்டம் பிடிபட்டதையே தண்டிக்கும். வாடிக்கை கெடும் என்பதற்காக மட்டும் நேர்மையாக இருக்கும் கடைக்காரரின் செயலுக்கு அறமதிப்பு இல்லை என்று தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1785இல் எழுதினார். ஆதாயத்துக்காகப் பேணும் நேர்மை, பொய் ஆதாயம் தரும் இடத்தில் நின்றுவிடும். அதன் கேடும் ஒருவரோடு முடிவதில்லை. ஒரு கடை விலைக்கு வாங்கும் போலிப் பாராட்டு, பக்கத்துக் கடைக்கு உண்மையாகக் கிடைத்த பாராட்டையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. நம்பிக்கை எல்லா வணிகருக்கும் பொதுவான முதல். அதை அழித்து ஈட்டும் இலாபம் மற்றவரிடமிருந்து எடுத்ததே ஆகும்.