மனமும் பரிணாமமும்

மனிதனின் உடல் பரிணாமத்தால் தோன்றிற்று என்பதை இன்று கற்றோர் பலரும் ஒப்புவர். அவன் மனமும் அவ்வழியே தோன்றிற்றோ என வினவுங்கால் தயங்குவர். இத்தயக்கம் புதிதன்று. 1858ஆம் ஆண்டில் டார்வினோடு இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்ட வாலேசு என்னும் அறிஞரே 1869இல் வேறுபட்டார். காட்டில் வாழ்வோர்க்குக் குரங்கினும் சற்றே மிகுந்த அறிவு போதும். அவர்க்கும் பெருமூளை வாய்த்திருத்தலால், அதனை ஆக்கியது மேலானதோர் அறிவே என்றார். டார்வின் அதனை ஏற்றிலர்.

நாம் வாழும் இவ்வந்தமானிலேயே வாலேசின் கூற்று தளர்கின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, சிறிய அந்தமானின் டுகாங் கிரீக்கில் வாழும் ஓங்கே மக்கள், கடல் பின்வாங்கக் கண்டு மேட்டுநிலம் ஏறி உயிர் பிழைத்தனர். கல்வி கற்றோர் பலரோ அன்று வேறு கரைகளில் நின்று வேடிக்கை பார்த்து மாண்டனர். காட்டு வாழ்வுக்குச் சிற்றறிவு போதுமென்பது பிழை. பிறப்பின் பெயரால் மக்களைத் தாழ்த்தியோர் செய்த தீங்கையே, பரிணாமத்தின் பெயரால் மக்களைப் படிப்படியாய் அடுக்குவோரும் செய்கின்றனர்.

மனம் இயற்கையில் தோன்றிற்று என்பதால் பௌத்தர்க்கு இழப்பு யாது? பகவன் புத்தர் நிலையான ஆன்மா உண்டென்றாரல்லர். யாவும் காரணங்களைச் சார்ந்தே தோன்றுவன என்றார். உணர்வு எவ்வாறு எழுகின்றது என்பதை அறிவியல் இன்னும் முற்றும் விளக்கிற்றிலது. அவ்விடைவெளியில் ஆன்மாவையோ கடவுளையோ இட்டு நிரப்புதல் நமக்கு வேண்டுவதன்று.

ஆயினும், சினமும் பேராசையும் முன்னோர் பிழைக்க உதவியவை, ஆதலின் அவற்றை அடக்குவதேன் என்று கேட்போர் உளர். ஒன்று தோன்றிய காரணம் வேறு. நாம் பின்பற்றத் தக்கது வேறு. நூற்பாலையில் இழை அறுந்த காரணத்தை அறிந்த அளவில் இழை தானே இணைவதில்லை; தொழிலாளியின் விரலே அதனை இணைத்தல் வேண்டும். தன் சேயைக் காக்கும் அன்பு விலங்கிற்கும் உண்டு. அவ்வன்பை அயலான்மேலும் பகைவன்மேலும் செலுத்துதல் பயிற்சியால் வருவது.

நால்வகை வாய்மையுள் துக்க உற்பத்தியை ஆராய்தற்குப் பரிணாமவாதம் துணையாகுக. துக்க நிவாரண மார்க்கத்தில் நமக்காக அது நடவாது. நடக்க வேண்டியவர் நாமே.