ஒரு பிஸ்கட்தானே?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் யாரும் பசியோடு நடக்க முடியாது. 14 கிலோமீட்டர் சுற்றில் எங்காவது ஒரு தொன்னை கையில் வந்துவிடும்: சாம்பார் சாதம், தயிர் சாதம், பொங்கல், சுண்டல், மோர். மலைக்குப் பின்புறம் அடி அண்ணாமலையை நெருங்கும்போது நடப்பவர்களுக்குக் கால் தளர்ந்திருக்கும். வயிறு நிறைந்தவர்கள் மிச்சத்தைப் பாதையோரத்து நாய்களுக்கு வைத்துவிட்டு நடப்பார்கள். நாய்களுக்கென்றே பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. பைரவரின் வாகனம், வாயில்லா ஜீவன், நாளோ பௌர்ணமி. கொடுப்பதற்கு இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை.

இந்த ஊரில், விழுங்கியது வயிற்றுக்கு இறங்காத ஒரு நாய்க்குட்டியை எடுத்து வளர்க்க முடிவு செய்கிறவர் நோயோடு மட்டும் போராடுவதில்லை. ஊரின் ஈகையோடும் அவர் ஓர் ஏற்பாட்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

நோயின் பெயர் மெகாஈசோபேகஸ். உணவுக்குழாய் சும்மா ஒரு வழி மட்டுமில்லை, அது உயிருள்ள தசை. விழுங்கிய கவளத்தை அலை அலையாகச் சுருங்கி இரைப்பைக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே அந்தச் சுருக்கம் இல்லாமல் குழாய் தளர்ந்து அகன்றுவிடுகிறது. தாய்ப்பாலோடு இருக்கும்வரை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு வாரத்தில் கெட்டி உணவு தொடங்கும்போதுதான் தெரியவரும். தின்ற சோறு சில நிமிடங்களிலோ சில மணி நேரம் கழித்தோ செரிக்காமல் அப்படியே வெளியே வந்து விழும். பசி தாங்காமல் குட்டி அதையே மறுபடியும் தின்னும், அதுவும் திரும்பி வரும். கூடப் பிறந்தவை கொழுகொழுவென்று உருளும்போது இது மட்டும் எலும்பும் தோலுமாக நிற்கும்.

‘வாந்தி எடுக்குது டாக்டர்’ என்றுதான் எல்லாரும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். வாந்தி என்றால் குமட்டும், எச்சில் ஒழுகும், வயிறு எக்கி எக்கி இழுக்கும், மஞ்சளாகப் பித்தமும் வரலாம். இந்தக் குட்டியிடம் அதெல்லாம் இருக்காது. தலையைத் தாழ்த்தும், உணவு வழுக்கி விழும். கைக்குழந்தை பால் கக்குவது போலத்தான். அந்தக் காட்சியைச் செல்போனில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுவது, வாயால் சொல்லும் எந்த விவரத்தையும்விடப் பயன்படும். வாந்தியை நிறுத்தும் ஊசியிலேயே வாரங்கள் கழிந்துபோவதை அது தடுக்கும். மார்பு எக்ஸ்ரே பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லிவிடும்.

எக்ஸ்ரே எடுத்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கருவிலேயே வலப்பக்கமாக அமைந்து, ஒரு நார் உணவுக்குழாயை வளைத்து இறுக்கிவிடுவதும் உண்டு. அப்படியானால் அடைப்புக்கு மேலுள்ள பகுதி மட்டும் வீங்கியிருக்கும். அறுவைச் சிகிச்சையால் அந்த இறுக்கத்தை நீக்கலாம். எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டில் எது என்று உள்ளூரில் முடிவாகவில்லையென்றால், 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்தில் ஒருமுறை காட்டிவிடுவதே சரி. பயணம் நீளமானதுதான். ஆனாலும் ஆயுள் முழுவதும் எப்படி ஊட்டுவது என்பது இந்த ஒரு பதிலில் இருக்கிறது.

இந்தக் குட்டிகள் பட்டினியால் மட்டும் சாவதில்லை. குழாயில் தேங்கிய உணவோ தண்ணீரோ மேலே வரும்போது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நுரையீரலில் நிமோனியா பிடிக்கும். இந்நோயுள்ள நாய்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது அதுதான். காய்ச்சல், இருமல், மூக்கில் சளி, மூச்சு வேகமாக வாங்குவது, சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால், பாதையில் அன்போடு நீட்டப்படும் ஒரு காய்ந்த பிஸ்கட் அவ்வளவு சின்ன விஷயமில்லை.

இந்நோய்க்கு நாய் உலகில் பெரிதும் பேசப்படும் ஒரு தீர்வு, மருந்துக் கடையில் கிடைப்பதன்று. பெய்லி என்ற நாய்க்காக ஓர் அமெரிக்கத் தம்பதி செய்த நாற்காலி அது. நாய் அதில் பின்பக்கத்தை ஊன்றி நிமிர்ந்து உட்காரும், முன்கால்கள் ஒரு பலகையின் மேல் இருக்கும், தட்டு முகத்துக்கு நேராக உயரத்தில் இருக்கும். தின்று முடித்த பிறகும் பத்து நிமிடம் முதல் அரை மணி வரை அப்படியே நிறுத்திவைப்பார்கள். தசை செய்யாத வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. இன்று உலகெங்கும் ‘பெய்லி நாற்காலி’ என்றே அதற்குப் பெயர்.

தட்டை மட்டும் உயர்த்தி ஸ்டூல் மேல் வைத்தால் போதும் என்று சிலர் நினைப்பதுண்டு. போதாது. நான்கு காலில் நிற்கும் நாய்க்கு உணவுக்குழாயின் மார்புப் பகுதி படுக்கைவாட்டில்தான் இருக்கும். முதுகெலும்பே நிமிர்ந்தால்தான் குழாய் நிமிரும்.

அடி அண்ணாமலையில் இதைச் செய்ய வெளிநாட்டிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டாம். ஒரு தச்சரும் கொஞ்சம் பிளைவுட்டும் போதும். ஆனால் வளரும் குட்டிக்கு முதலிலேயே மரத்தில் செய்துவிட்டால் சில வாரங்களில் உடம்பு அதற்குள் அடங்காது. முதல் சில மாதங்களுக்குக் காலி பெயின்ட் வாளியே நல்லது. சுத்தமாகக் கழுவி, காயவைத்து, பழைய போர்வையைச் சுற்றிலும் செருகினால் குட்டி சாயாமல் நிமிர்ந்திருக்கும். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், லாப்ரடார் இவற்றில் இந்நோய் அதிகம். எல்லாமே பெரிதாக வளரும் இனங்கள். தச்சரிடம் சொல்லும்போது பலகையை ஆணியடித்துவிடாமல், ஏற்றி இறக்கும்படி துளைகளும் போல்ட்டும் வைக்கச் சொல்ல வேண்டும்.

எந்தப் பதம் இறங்கும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால், சாப்பாட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஒன்றுக்குக் கூழ்போல இருந்தால் இறங்கும். இன்னொன்று கூழைக் கக்கிவிட்டு, நெல்லிக்காய் அளவு உருண்டைகளைச் சுகமாக விழுங்கும். அதனால் முதல் சில வாரங்கள் ஒரு நோட்டு வேண்டும்: எந்த நேரம், எந்தப் பதம், எவ்வளவு, எத்தனை நிமிடம் நிமிர்ந்திருந்தது, திரும்பி வந்ததா. ஒரே சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வெறும் சோறும் தயிரும் வளரும் குட்டிக்குப் போதாது. முட்டையும் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியும் சேர வேண்டும். அல்லது குட்டிகளுக்கான உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்து மிக்ஸியில் அரைத்துக் கொடுக்கலாம். சிறிதளவாக, ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை. சாம்பார் சாதம் எந்த நாய்க்கும் ஆகாது, வெங்காயம் அதன் ரத்தத்தைக் கெடுக்கும். வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துத் தேறுகிறது என்று சொல்வது பாசத்தின் பேச்சு, தராசின் பேச்சு வேறு.

தண்ணீர்தான் எல்லாரையும் திகைக்கவைக்கும். மெல்லிய திரவம் தேங்கி எளிதாக மேலே வந்துவிடுமாதலால், பல குட்டிகளுக்குத் தண்ணீர்க் கிண்ணத்தையே எடுத்துவிட வேண்டியிருக்கும். சாப்பாட்டிலேயே நீரைக் கலந்து கொடுப்பார்கள். ஜெலட்டினில் உறையவைத்த கட்டிகளை நாற்காலியில் வைத்து ஊட்டுவதும் உண்டு. நம் வீடுகளில் பழக்கமான கடற்பாசி, அதாவது சைனா கிராஸ், இதற்கு ஈடாகாது. ஜெலட்டின் உடல் சூட்டிலேயே இளகும், கடற்பாசி இளகாது. திருவண்ணாமலையின் சித்திரை வெயிலில், கிண்ணம் இல்லாத குட்டிக்கு நாளெல்லாம் எவ்வளவு நீர் போனது என்பதையும் அந்த நோட்டில் எழுதியாக வேண்டும். மாத்திரையை வறண்டபடி வாயில் போடக் கூடாது, அது குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும்.

எல்லாம் செய்தும், கொடுத்துவிட்டுப் போக முடியாது என்பதுதான் இந்தக் குட்டி வைக்கும் நிபந்தனை. பாதையில் கொடுப்பவரின் வேலை கையை விட்டு உணவு நீங்கியதும் முடிகிறது. அவர் நல்லவர்தான், நடக்க வேண்டிய தூரம் அவருக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் இங்கே வேலை தொடங்குவதே வாய்க்கு அப்பால். இறங்கியதா, தங்கியதா, திரும்பியதா என்று பார்த்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்னதானத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், உண்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

இந்த மலையிலேயே அதற்கு முன்மாதிரி இருந்திருக்கிறது. 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்து 1950-இல் மறையும்வரை மலையை விட்டு நீங்காத ரமணர், விலங்குகளை ‘அது’ என்று சொன்னதில்லை, அவன் அல்லது அவள் என்றே சொல்வார். ஆசிரமத்துப் பையன்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அவர் கேட்டால் நாய்களைக் கேட்கிறார் என்று பொருள். சாப்பாட்டு நேரத்தில் முதலில் நாய்களுக்கு, பிறகு வந்திருக்கும் ஏழைகளுக்கு, அதன் பிறகே பக்தர்களுக்கு என்பது அங்கே ஒழுங்காக இருந்தது என்று ரமணரின் வரலாற்றை எழுதிய ஆர்தர் ஆஸ்பர்ன் 1954-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். கமலா என்ற நாய், புதிதாக வந்தவர்களை மலையின் தீர்த்தங்களுக்கும் சந்நிதிகளுக்கும் அழைத்துச் சென்று காட்டிவிட்டு வருமாம். கூட்டத்தின் தலைவன் கடித்துக் குதறி விட்டுப்போன ஒரு குரங்குக் குட்டி ரமணரின் பராமரிப்பில் தேறி, காலை இழுத்து நடந்ததால் நொண்டி என்று பெயர் பெற்று, பின்னாளில் கூட்டத்துக்கே தலைவனானது. ரமணாசிரமத்தில் பசு லட்சுமியின் சமாதிக்கு அருகே மானுக்கும் காக்கைக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன. அடி அண்ணாமலையில் சந்நிதி கொண்டிருக்கும் மாணிக்கவாசகரோ, திருவாசகம் நெடுகத் தம்மையே நாயாகச் சொல்லிக்கொண்டவர். நாய்க்கு மதிப்புத் தருவதில் இந்த மண்ணுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. பழைய மதிப்போடு கொஞ்சம் மருத்துவ விவரம் சேர வேண்டும், அவ்வளவே.

சேர்ப்பது எளிதன்று. குட்டி திண்ணையில் வாளிக்குள் நின்றுகொண்டிருக்கும். போகிற வழியில் ஒரு மூதாட்டி நிற்பார். ‘இன்னாம்மா, வாயில்லா ஜீவன், வாளியில போட்டு அடைச்சு வெச்சிருக்கியே? ஒரு பிஸ்கட்தானே, குடுத்தா இன்னா?’ என்று கேட்பார். ‘அதுக்குத் தொண்டையிலயே நின்னுடும் ஆயா, நெஞ்சுல சளி கட்டிடும். செத்த நேரம் உக்காந்து பாருங்க’ என்று சொல்லி உட்காரவைக்கலாம். கோபப்படுவதில் பயனில்லை, அவர் கேட்டது கருணையால். கழுத்துப்பட்டையில் ‘உணவு கொடுக்காதீர்கள், நோயாளி’ என்று எழுதித் தொங்கவிடலாம். ஆனால் தெருவில் பேச்சுதான் எழுத்தைவிட வேலை செய்யும். ஒரு வேளை உணவு முழுக்க உட்கார்ந்து பார்த்தவர், அடுத்த முறை பிஸ்கட் நீட்டும் வெளியூர்க்காரரைத் தாமே தடுப்பார்.

குட்டி வீட்டுக்கு வருமுன்பே வீட்டுக்குள் பேசிவிட வேண்டியது இன்னொன்று. நாளைக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் அரை மணிக்கு மேல், பல ஆண்டுகளுக்கு யார் உட்காரப்போகிறார்கள்? ஒரே ஆள் என்றால் அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன? கல்யாணம், சாவு, பரீட்சை எல்லாம் வரும். குறைந்தது இரண்டு பேராவது ஊட்டக் கற்றிருக்க வேண்டும். அது முடியாத வீடு, முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவதில் அவமானம் இல்லை. பாசத்தில் எடுத்துவிட்டு மூன்றாம் மாதம் கிரிவலப் பாதையில் விட்டுவிடுவதுதான் கொடுமை. எல்லாம் செய்தும் குட்டி எடை இழந்துகொண்டே, நிமோனியா திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தால், வலியில்லாமல் போகவிடுவதைப் பற்றி மருத்துவரோடு பேசுவதும் அதே பொறுப்பின் பகுதிதான்.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. ஆண்மைக் குறைவுக்கான மருந்தாக அறியப்பட்ட சில்டெனாஃபிலைத் திரவமாகக் கொடுத்து வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வு 2022-இல் வெளியானது. உணவுக்குழாயின் கீழ்வாசலை அது தளர்த்துவதால், பல நாய்கள் கக்குவது குறைந்தது. மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாத மருந்து, ஆனால் கேட்டுப் பார்க்கத் தகுந்தது. அதே ஆண்டு கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இந்நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தார்கள். ஆண் குட்டிகளுக்கு ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்தது. குட்டி விற்பவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டும். கக்கும் குட்டியை ஈன்ற தாயை மறுபடியும் இனப்பெருக்கத்துக்கு விடுவதை நம் ஊர்களில் யாரும் கேள்வி கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

சில குட்டிகளுக்கு வளர வளரக் குழாயின் தசையும் தேறுவதுண்டு. ஆகவே மருத்துவர் சொல்லும் மாதத்தில் எக்ஸ்ரேயை மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரே ஏற்பாடுதான்: கூட்டம் சேருமுன் மாலை உணவை முடித்து, நிமிர்ந்திருக்கும் நேரமும் கழிந்த பிறகு குட்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விடுவது, தெருக் கதவைச் சாத்திவைப்பது, கார்த்திகை தீபத்தன்று நண்பகலிலிருந்தே அப்படிச் செய்வது, பிஸ்கட்டோடு வருகிறவரை எதிர்வீட்டு அக்காவிடம் அனுப்புவது. அங்கே திண்ணைக்கடியில் நன்றாக விழுங்கக்கூடிய நாய்கள் நாலைந்து படுத்திருக்கும்.